பட்டாளத்து டாக்டரும் நான் சொன்ன தேதியும்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இந்தத் தெருவில் முப்பத்தெட்டுக் கடைகளுக்கு ஷட்டர் செய்து மாட்டியவன். ஒன்றாவது பாதியில் சிக்கி நின்றது என்று ஒருவன் சொல்லட்டும் பார்க்கலாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் தங்கை மகள் விஷயத்தில் சிக்கி நின்றது நான்.

வீட்டில் அவளுக்குச் சுண்டு என்று பெயர். உருவம் அவ்வளவுதான். தகப்பன் இல்லை. என் வீட்டு மாடியில் தாயும் மகளுமாக இருந்தார்கள். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியதும், டாக்டருக்கு நான் படிக்க வைக்கிறேன் என்றேன். வாய்ப்பேச்சு இல்லை, செய்திருப்பேன். அவளோ ராணுவ மருத்துவக் கல்லூரிக்கு எழுதிப் போட்டு, இடத்தையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். படிப்பு இலவசம். பதிலுக்கு ஏழு வருடம் ராணுவத்தில் டாக்டராக வேலை பார்க்க வேண்டும்.

உறுதிப் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்து என்னுடையது. பொடி எழுத்தில் எட்டுப் பக்கம்.

"படிச்சுக் காட்டட்டுமா மாமா?"

"நான் பார்க்காத பத்திரமா? எங்க போடணும், அதக் காட்டு."

ஏழு என்பது மட்டும் மனத்தில் நின்றது. என் பட்டறையில் ஒருவன் சேர்ந்தால், அன்றைக்கே அவன் வேலைக்காலம் ஆரம்பம். குப்பை கூட்டிய நாளும் அதில் சேரும். அதே முறையில், காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து ஏழு வருடத்தை எண்ணினேன்.

நாள் நெருங்கியதும் பட்டறையின் முன்பக்கம் இரண்டு அறைகளைக் காலி செய்தேன். எங்களுடையது இரும்புத் தெரு. கண்ணில் பிசிறு விழாத ஆள் இங்கே கிடையாது. கை வெந்தால் மருந்துக்கடைக்காரர் கொடுக்கும் களிம்புதான் வைத்தியம். அதனால் தெருவுக்கே ஒரு கிளினிக். தரையிலும் சுவரிலும் வெள்ளை டைல்ஸ், கை கழுவத் தொட்டி, நோயாளி படுக்க நானே வெல்டிங் வைத்த கட்டில். டைல்ஸ்கூட நானே முட்டி போட்டு ஒட்டியது. ஒவ்வொரு கடையாகப் போய்த் தேதி சொல்லிவிட்டேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை, வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று.

இருபது நாள் லீவில் வந்தாள். அசந்துதான் போனாள்.

"யாருக்கு மாமா இது?"

"யாருக்கா? அடுத்த மாசம் உன் ஏழு வருஷம் முடியுதே!"

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "படிச்ச காலம் அதுல சேராது மாமா. டாக்டர் ஆன நாள்லேர்ந்துதான் ஏழு. இப்பதான் ஒன்றரை ஆகுது."

"என்ன அநியாயம்! என் பட்டறையில கத்துக்கிற நாளும் வேலை நாள்தான்."

"கத்துக்கிறவனத் தனியா ஷட்டர் மாட்ட அனுப்புவீங்களா?"

"எப்படி அனுப்புறது? கீழ நிக்கிறவன் தலையில போட்டுடுவான்."

"அவங்களும் அதத்தான் சொல்றாங்க."

என் தங்கை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் ஊரெல்லாம் சொல்லி வச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

சரி, ஐந்தரை வருடம்தானே, காத்திருக்கலாம் என்றேன். சுண்டு சுவர் டைல்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவள் பையில் ஒரு படிவம் இருப்பதைத் தங்கை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். மயக்க மருந்து டாக்டராவதற்கான மேற்படிப்பு. இடம் கிடைத்துவிட்டது. சம்மதம் என்று கையெழுத்திட்டு, லீவு முடிவதற்குள் அனுப்ப வேண்டும். படிப்பு மூன்று வருடம், அதுவும் சேவையில் சேராது. படிக்க வைத்ததற்காக மேலும் மூன்று. மொத்தம் பதினொன்றரை. அதோடு, மயக்க டாக்டர் என்றால் பக்கத்தில் ஆபரேஷன் செய்கிறவர் வேண்டுமாம். என் இரண்டு அறைகளில் அவளுக்கு வேலையே இருக்காது.

"ஒருத்தனத் தூங்க வைக்க மூணு வருஷப் படிப்பா? உங்கம்மா பேசினா நான் ரெண்டு நிமிஷத்துல தூங்கிடுறேனே!"

"தூங்க வைக்கிறது சுலபம் மாமா. பத்திரமா எழுப்பணுமே, அதுக்குத்தான் மூணு வருஷம்."

அப்புறம்தான் சொன்னாள். அவள் வேலை பார்த்த முகாமில் ஒரு சிப்பாயின் கால் வண்டிக்கடியில் நசுங்கியிருக்கிறது. ஆபரேஷன் செய்யும் டாக்டர் இருந்தார், அறை இருந்தது, மயக்கம் கொடுக்க ஆள் இல்லை. நாலு மணி நேரம் வண்டியில் வைத்து வேறு ஊருக்கு அனுப்பினார்கள். இவள்தான் கூடப் போனாள். உயிர் தப்பியது, கால் போய்விட்டது.

"அவன் வழி பூரா என் கையப் பிடிச்சிருந்தான் மாமா. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"அப்ப இன்னும் ஏன் கையெழுத்துப் போடல?"

தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க டைல்ஸ் ஒட்டிட்டீங்களே."

எனக்குச் சுருக்கென்றது. ஏழு வயதிலிருந்து என் வீட்டில் வளர்ந்தவள், என்னிடம் ஒரு மிட்டாய்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை.

"ஒட்டத் தெரிஞ்சவனுக்குப் பேர்க்கத் தெரியாதா? எடு அந்தப் பேப்பர. முதல்ல படி, ஒரு வரி விடாம."

படித்தாள். புரியாத இடங்களில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ஒரு மணி நேரம் ஆனது. பிறகு போட்டாள்.

தங்கை ஒரு மூச்சு அழுதாள். "இன்னும் பதினோரு வருஷம் நான் யார் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இருக்கிறது?"

"ஏன், நான் இல்லையா?"

"அத நினைச்சுத்தாண்ணே அழறேன்!"

சுண்டு சிரித்துவிட்டாள். லீவு முழுவதும் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

மறுநாள் காலை தெருவில் இறங்கினேன். தேதி சொன்ன வாய்தானே, அதுதான் போய்ச் சொல்ல வேண்டும். முதல் கடை லேத்துக்காரர்.

"வாங்க வாங்க! டாக்டரம்மா வந்தாச்சாமே, என்னைக்குத் திறக்கிறோம்?"

"திறக்கல. அவ மேல படிக்கப் போறா. தேதி நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் மெஷினையே நிறுத்திவிட்டார். "என்னது, நீங்க தப்பாச் சொன்னீங்களா? இருங்க, பக்கத்துக் கடைக்காரனையும் கூப்பிடுறேன். இன்னொரு வாட்டி சொல்லுங்க."

கூப்பிட்டார். நின்று, அவனுக்கும் சொல்லிவிட்டு, அடுத்த கடைக்குப் போனேன்.