மல்லாட்டை தீரும் வரை

ஒசாகாவில் மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. வீடா அது, தீப்பெட்டி. மகளும் மருமகனும் சண்டை போட வேண்டுமென்றால் நான் வெளியே போனால்தான் உண்டு. இது என் மண்டையில் ஏற ஒரு வாரம் பிடித்தது. இப்போதெல்லாம் அவள் பாத்திரத்தை ‘ணங்’கென்று வைத்தால் போதும், "பார்க் வரைக்கும் போயிட்டு வர்றேம்மா" என்று செருப்பை மாட்டிவிடுகிறேன்.

பூங்காவைச் சுற்றி இருபது மாடி, முப்பது மாடி. தலைக்கு மேல் ஒரு ரயில், காலுக்குக் கீழே ஒரு ரயில். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் அத்தனை சத்தமும் நின்றுவிடும். குளத்தில் ஆமைகள். பெஞ்சில் கிழவர்கள் உட்கார்ந்து ஆமைகளைப் பார்க்கிறார்கள், ஆமைகள் கிழவர்களைப் பார்க்கின்றன. நானும் ஜோதியில் கலந்துவிட்டேன். நேற்று வாசலில் ஒருவர் வண்டியில் சக்கரவள்ளிக்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார். மண்ணும் தித்திப்புமாக அந்த வாசனை வந்ததும், எனக்கு வேகவைத்த மல்லாட்டை ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் நிலக்கடலை என்பீர்கள்.

கல்யாணமான புதிதில் விழுப்புரத்தில் இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். எனக்குத் திண்டிவனத்தில் குமாஸ்தா வேலை. காலை பாசஞ்சரில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவேன். எனக்கும் என் மனைவி சரோஜாவுக்கும் முணுமுணுக்கக்கூட மூலை கிடையாது. கோபம் வந்தால் அவள் காதோரம் வந்து, "இங்க வாணாம். ஞாயித்துக்கெழம பார்க்குல வெச்சிக்கலாம்" என்பாள். ரயிலடிப் பக்கம் ஒரு பார்க் இருந்தது. ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, ஆறு நாள் பாக்கியை ஆரம்பிப்போம். பொட்டலம் தீரும் வரைதான் சண்டை. சட்டம் அவள் போட்டது. தோற்கிற நாட்களில் நான் வேகவேகமாகத் தின்பேன்.

"இன்னாங்க, ஜல்தி ஜல்தியா முழுங்கிக்கினு இருக்கீங்க? நான் இன்னும் முடிக்கலயே!" என்று பொட்டலத்தைப் பிடுங்கிக்கொள்வாள். அதோடு சிரிப்பு வந்து சண்டை கெட்டுவிடும்.

பிறகு சொந்த வீடு கட்டினோம். மகளும் இங்கே ஒசாகாவுக்கு வந்துவிட, நாலு அறையில் நாங்கள் இரண்டே பேர். ஊர் கேட்கக் கத்தலாம். ஆனால் சரோஜாவுக்கு வீட்டுக்குள் வாய் வராது. மனசில் இருப்பது எதுவானாலும் பார்க்கில்தான். அந்தப் பார்க்கையும் கடை கட்டுவதற்காகத் தோண்டிப் போட்டார்கள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்படம் நிறைய மல்லாட்டையோடு வந்து நின்றாள்.

"ஒன்னு சொல்லணுங்க. அப்படியே வெளிய போய்க்கினே பேசலாமா?"

நான் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். "பார்க்கு எங்க இருக்குது? பள்ளம்தான் இருக்குது. இங்கயே சொல்லேன்."

சம்படத்தோடு திரும்பினாள். "ஒன்னுமில்ல, உடுங்க."

வியாழக்கிழமை காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவள், எழுந்திருக்கவில்லை. "முன்னாடியே வலி இருந்திருக்குமே, உங்ககிட்ட சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார். ஒரு ஓவர் போனால் போகிறதென்று எழுந்து போகாத பாவி நான்.

பார்க் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை பளபளக்கிறது. அந்தப் பக்கம் நான் போவதே இல்லை. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய அன்று, தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பின்னால் தள்ளி அந்தச் சம்படம் இருந்தது. மல்லாட்டை மேலெல்லாம் பூஞ்சை பூத்திருந்தது. அவள் ஒன்றைக்கூட உரிக்கவில்லை.