புல்லுக்குள் ஒரு வீடு

ரிஷிவந்தியத்தில் வாழப் போயிருந்த அத்தை ஒரேயடியாக எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, ஒரு பெட்டியும் ஒரு கறவை மாடும் கூட வந்தன. பெட்டிக்கு இடம் இருந்தது. மாட்டுக்குத்தான் சிக்கல். அதன் பாலை சொசைட்டியில் ஊற்றி, சோப்பு முதல் புடவை வரை யாரையும் கேட்காமல் வாங்கிக்கொள்வது அத்தையின் ஏற்பாடு.

அந்த வருஷம்தான் அப்பா சங்கராபுரத்திலிருந்து கோ-4 தீவனப் புல்லின் கரணைகளை, அதாவது நடுவதற்கான தண்டுத் துண்டுகளை, மூட்டையாகக் கொண்டுவந்து கிணற்றடியில் நட்டிருந்தார். ஒருமுறை நட்டால் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, அறுக்க அறுக்கத் தழைத்து வருஷக்கணக்கில் நிற்கும் புல் அது. கோடையில் வரப்பெல்லாம் காய்ந்ததும் அத்தை ஒரு கட்டு கேட்டாள். "நம்ம மாட்டுக்கே பத்தல" என்றார் அப்பா. அப்படியானால் அத்தையின் மாடு யாருடையது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

எனக்கு அப்போது ஏழு வயது. ஒருநாள் புல்லை விலக்கி உள்ளே போனேன். ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு நடுவில் மட்டும் யாரோ அறுத்திருந்தார்கள். சுற்றிலும் பச்சைச் சுவர், நடுவில் ஓர் அறை. கொட்டாங்குச்சி அடுக்கிச் சமையல் தொடங்கிவிட்டேன். நாளுக்கு நாள் அறை பெரிதானது. அத்தையின் முழங்கை வரை புல் கிழித்த கோடுகள் இருந்தன. என் கையிலும்தான் இருந்தன, நான் பெரிதாக நினைக்கவில்லை.

இவ்வளவு அழகான வீட்டுக்கு விருந்தாளி வேண்டாமா? அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப்போனேன். குனிந்து உள்ளே வந்தவர் என் மண்சோற்றை வாங்கவில்லை. அறுத்த தூர்களையே பார்த்தார்.

அன்று மாலை, பால் கறந்துகொண்டிருந்த அத்தையிடம், "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனாம்மா? சொந்த வூட்லயே இப்டியா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். அத்தை கறந்து முடித்தாள். மாட்டை விற்கும்படி யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவளே சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டு வந்தாள். அதன்பிறகு சோப்புக்கும் அம்மாவிடம்தான் போய் நின்றாள். அப்பாவை அங்கே இழுத்துப்போன என் கையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஒரு மாதத்தில் புல் தழைத்து என் அறை மூடிப்போனது. அத்தையின் மடியில் விழுந்து, "என் வூடு போச்சு அத்த" என்று அழுதேன். அவள் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காக என்னோடு சேர்ந்து அழ அத்தை ஒருத்தியாவது இருக்கிறாளே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.