புதுவாயல் ஜங்ஷனில் ஓர் இடது கால் செருப்பு

பட்டறைப்பெரும்புதூர் சட்டக் கல்லூரியில் ஹெலனோடு படித்தவர்கள் இன்றைக்கு எங்கெங்கோ இருக்கிறார்கள். ஒருத்தி வங்கியில் அதிகாரி. ஒருத்தி ஊத்துக்கோட்டைப் பக்கம் ஊராட்சித் தலைவர். ஒருவன் போலீஸில் சேர்ந்து மீசை வளர்த்திருக்கிறான். அந்த மீசைக்கே தனியாக ஒரு ஜீப் ஒதுக்க வேண்டும். இன்னொருவன் பிரியாணிக் கடை வைத்து மூன்று கிளை திறந்துவிட்டான். இவர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் ஹெலனைக் கேட்பது ஒரே கேள்வி: "நீ எங்க பிராக்டீஸ்?"

"புதுவாயல் ஜங்ஷன்" என்று பதில் போடுவாள் ஹெலன்.

புதுவாயலில் கோர்ட்டு இருக்கிறதா என்று நெட்டில் தேடிப் பார்த்தவர்கள் உண்டு. கோர்ட்டு கிடையாது. கொல்கத்தா ஹைவேயில் ஒரு கூட்டுரோடு இருக்கிறது. அங்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினால், ரோட்டைக் கடப்பதற்குள் அது காக்கிச் சட்டையாகிவிடும். லாரி கிளப்பும் தூசி அப்படி. அந்தத் தூசிக்கு நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு. முப்பத்தோரு வண்டி. அதற்குச் செயலாளர், இருபத்தெட்டு வயது ஹெலன், பி.எல்.

வண்டி அவள் அப்பாவுடையது. அவர் பேரே அப்பாவு. போன வருஷம் சர்ச் திருவிழாவுக்குப் பந்தல் போடும்போது ஒரு கம்பத்தைத் தூக்கித் தன் காலிலேயே நட்டுக்கொண்டார். கால் எலும்பு மூன்று துண்டு. ஊரில் கேட்டால் முப்பது துண்டு என்பார்கள். வேப்பம்பட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்ததால், கட்டோடு அங்கே போய்ப் படுத்துவிட்டார். "ஒரே மாசம் ஓட்டும்மா, அப்புறம் கோர்ட்டுக்குப் போ" என்று சாவியை மகளிடம் கொடுத்தார். அம்மா ஆரோக்கியமேரி, மகளுக்காகத் தைத்து வாங்கிய கறுப்புக் கோட்டை ஒரு மாதத்துக்கு பீரோவில் மாட்டிவைத்தாள். கோட்டு போட்டுப் பதிவு செய்துவிட்டால் ஆட்டோ ஓட்டக் கூடாது, வேறு எந்தத் தொழிலும் செய்யக் கூடாது என்பது வக்கீல்களுக்கான விதி. அதனால் கோட்டு ஹேங்கரில் தொங்கியது, ஹெலன் பிரேக்கை மிதித்தாள்.

அப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் டிராபிக் எஸ்.ஐ. வந்து, "தெனம் சண்டை, தெனம் ஜாம். நாளைலேர்ந்து இங்க ஸ்டாண்டு இல்ல" என்றார். முப்பது டிரைவர்களும் "சார், சார்" என்று பாதியாக வளைந்தார்கள். ஹெலன் மட்டும் வளையவில்லை.

"சார், ஆர்டர் எழுத்துல கீதா?" என்றாள்.

"நீ யாரும்மா?"

"பி.எல். சார்."

பி.எல். என்றால் எஸ்.ஐ.க்கு இரண்டு படி மேல் என்று டிரைவர்கள் நினைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே அவளைச் செயலாளர் ஆக்கினார்கள். ஆனால் எஸ்.ஐ. நியாயமான ஆள். "எழுத்துல கொண்டாரது எனக்குப் பெரிய வேலை இல்ல. சொல்றது நியாயமா இல்லையான்னு நீயே சொல்லு. யார் வண்டி மொதல்ல போறதுன்னு தெனம் சட்டையப் புடிச்சிக்கிறானுங்க. பதினஞ்சு நாள் டைம் தரேன். சத்தம் இல்லாம இருந்தா ஸ்டாண்டு இருக்கும். ஒரு நாள் சத்தம் கேட்டுது, பேரிகார்டு போட்டு மூடிடுவேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வண்டியை வரிசையாக நிறுத்த இடம் கிடையாது. நிழல் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வந்ததும், "நான்தான் மொதல்ல வந்தேன்." லோகு அம்மா மேல் சத்தியம் செய்வான். வீரராகவன் பெரியபாளையத்து பவானி அம்மன் மேல் சத்தியம் செய்வார். லோகுவுக்கு இருபத்தைந்து வயது, கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீரராகவன் ஐம்பதைத் தாண்டியவர். ஆரணிப் பக்கம் மூன்று ஏக்கர் நெல் வைத்துக்கொண்டு ஆட்டோவும் ஓட்டுபவர், நக்கல் நாக்கு நுனியில் இருக்கும். இரண்டு நுனியும் உரசினால் தீ.

ஹெலன் முதலில் ஒரு நோட்டு வைத்தாள். வந்த நேரத்தை எழுதிப் பேர் போட வேண்டும். ஒரு மணி நேரத்தில் பேனா காணாமல் போனது. அடுத்த பேனாவை நோட்டோடு சணல் போட்டுக் கட்டினாள். நோட்டு காணாமல் போனது. பேனாவும் சணலும் பத்திரமாக இருந்தன. நம்பர் போட்ட அட்டை கொடுத்தாள். மறுநாள் ஒன்றாம் நம்பர் அட்டை நான்கு பேரிடம் இருந்தது.

அப்புறம்தான் ரேஷன் கடை ஞாபகம் வந்தது. அங்கே மண்ணெண்ணெய் வாங்கவும் அரிசி வாங்கவும் ஆள் நிற்பதில்லை, செருப்பு நிற்கும். செருப்பு நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதில் யாரும் சண்டை போட்டதில்லை.

"எடது கால் செருப்ப மட்டும் இந்தச் செவத்து ஓரமா வெய்யி. வண்டி கெளம்பறப்ப மாட்டிக்கினு போ. பின்னால கீறவங்க முன்னால தள்ளி வெச்சிக்கணும். செருப்பு கீற எடம்தான் டர்னு. செருப்பு இல்ல, டர்னு இல்ல. அவ்ளோதான் சட்டம்."

அன்றிலிருந்து புதுவாயலில் டிரைவர்கள் கொக்கு மாதிரி ஆகிவிட்டார்கள். டீக்கடையிலும் ஒற்றைச் செருப்பு, பஞ்சர் கடையிலும் ஒற்றைச் செருப்பு. ஒரு காலில் மட்டும் செருப்போடு எவன் நொண்டிக்கொண்டு வந்தாலும் "ஆட்டோ சிப்காட் போவுமா?" என்று ஜனங்கள் கேட்டார்கள்.

மூன்றாம் நாளே சட்டத்துக்குச் சோதனை வந்தது. லோகுவின் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தூக்கியதை ஊரே பார்த்தது.

"யக்கா, நாய் எடுத்துக்கினு ஓடிச்சிக்கா! நானா எடுத்துக்கினு போன்னு சொன்னேன்?"

"செருப்பு இல்லல்ல? கடைசிக்குப் போ."

"நாய் பேரே சொல்றேன்க்கா. டீக்கடை மணி. வேணும்னா கூட்டியாந்து நிறுத்தறேன்."

"லோகு, இன்னிக்கு நாய்ம்ப. நாளிக்கு ஒருத்தன் காக்காம்பான். அடுத்த நாளு காத்துல பறந்துச்சிம்பான். நான் யார நம்பறது? கடைசிக்குப் போ."

லோகு கடைசிக்குப் போனான். போகும்போது அவன் முகம் இருந்த இருப்பில் டீக்கடைப் பால் திரிந்திருக்கும். "பாக்கறேன், உனுக்கு ஒரு நாள் வராமலா பூடும்" என்று முனகினான். ஆனால் கை ஓங்கவில்லை. பதினான்கு நாள் ஓடியது. சத்தம் இல்லை.

பதினைந்தாம் நாள், மத்தியானம் ஒரு மணி. இரண்டு மணி ஷிப்டுக்குப் போகிறவர்களால் கூட்டுரோடு நிரம்பி வழிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்.ஐ. மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு டம்ளர் மோரை ஒரு மணி நேரமாகக் குடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், கண் முழுக்க ஸ்டாண்டு மேல்தான். அவருக்குப் பின்னால் லாரியில் பேரிகார்டுகள் தயாராக இருந்தன.

வரிசையில் முதல் டர்ன் ஹெலனுடையது. இரண்டாவது லோகு, மூன்றாவது வீரராகவன். ஹெலன் வண்டியில் பத்துப் பெண்கள் ஏறிவிட்டார்கள். கேபிள் கம்பெனிக்குப் போகும் பூமிகா ஓரத்து சீட்டைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, லேட்டானா அரை நாள் சம்பளம் கட்டு, எடுக்கா வண்டிய" என்றாள். ஹெலன் செருப்பை மாட்டச் சுவர் ஓரம் வந்தாள்.

செருப்பு இல்லை.

வார் அறுந்து ஊக்கு குத்திய பழைய செருப்பு அது. எவனும் திருட மாட்டான். மணி நாய்கூட மோந்து பார்த்துவிட்டு மன்னித்துவிடும். ஆனால் இல்லை. வரிசையின் தலையில் லோகுவின் செருப்புதான் இருந்தது.

லோகு பார்த்துவிட்டான். "யக்கா! செருப்பு எங்க?"

"இங்கதான்டா வெச்சேன்."

"அன்னிக்கி நானும் அதான் சொன்னேன்!"

டிரைவர்கள் கூடிவிட்டார்கள். "டேய், அது செக்கரட்ரிடா, அது போவட்டும்" என்றான் ஒருவன். "ஏன், செக்கரட்ரி செருப்பு இன்னா தங்கமா?" என்றான் இன்னொருவன். வீரராகவன் தோள் துண்டை உதறினார். "வக்கீல் பாப்பா, நீ ஏறிப் போ. எவன் கேக்கறான்னு நான் பாக்கறேன்" என்றார். அவருக்கு ஹெலன் மேல் பாசம் என்று இல்லை. லோகுவோடு மோத ஒரு சாக்கு பதினான்கு நாளாகக் கிடைக்கவில்லை. லோகு சட்டைக் கையை மடித்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்.ஐ. மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

ஹெலன் அதைப் பார்த்தாள். தன் வண்டியைப் பார்த்துத் திரும்பினாள்.

"பூமிகா, எல்லாரும் எறங்குங்க. லோகு வண்டில ஏறுங்க."

"யக்கா! ஓரத்து சீட்டு புடிக்க நான் எத்தினி பேர மிதிச்சிக்கினு வந்தேன் தெரியுமா?"

"அவன் வண்டிலயும் ஓரம் கீது. எறங்கு."

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். லோகுவுக்கு இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. சண்டைக்கு மடித்த கை அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் விந்தி விந்தி வந்தார். கையில் பை, கக்கத்தில் ஒரு செருப்பு.

"இன்னாம்மா கூட்டம்?" என்றார் அப்பாவு.

"நைனா! எப்ப வந்த?"

"வேப்பம்பட்டுலேர்ந்து இப்பதான் வந்து எறங்கனேன். கட்டு பிரிச்சிட்டாங்க. வந்து பாத்தா செவத்து ஓரம் இருபது முப்பது செருப்பு ஒத்த ஒத்தயா கெடக்குது. இன்னாடா, நடுரோட்டுல ஜெபக் கூட்டமான்னு நெனச்சேன். அதுல உன் செருப்பு, ஊக்கு குத்திக்கினு. என் பொண்ணு இதப் போட்டுக்கினா திரியறான்னு மனசு கேக்கல. எட்த்துக்கினு போய்த் தெச்சிக்கினு வந்தேன். பாரு, புது வாரு."

கூட்டம் சிரித்த சிரிப்பில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயில் நின்றிருக்கும்.

"அதான் தெரிஞ்சி போச்சே, செருப்பு வெச்சது நெசம்தான்" என்றான் லோகு. கையை இறக்கிவிட்டுக்கொண்டான். "நீயே போக்கா. உன் டர்னுதான்."

"அன்னிக்கு உன் செருப்பு நாய் எடுத்தது நெசமா, பொய்யா?"

"நெசம்."

"ஆனா நீ கடைசிக்குப் போன. இன்னிக்கு எங்க நைனா எடுத்தாரு. நாய்க்கு ஒரு சட்டம், நைனாக்கு ஒரு சட்டமா? கெளம்பு, அந்தப் பொண்ணுங்களுக்கு நேரமாவுது."

"என்ன நாயோட சேத்துட்டியேம்மா" என்றார் அப்பாவு.

லோகு இடது செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினான். கிளம்பும்போது தலையை வெளியே நீட்டி ஏதோ சொல்ல வந்தான், பூமிகா பின்னாலிருந்து "வண்டிய எடுண்ணா!" என்று முதுகில் ஒன்று போட்டாள். வண்டி போய்விட்டது. வீரராகவன் தன் செருப்பைத் தலைக்குத் தள்ளி வைத்துவிட்டு, துண்டைத் திரும்பத் தோளில் போட்டார்.

ஹெலன், தைத்து வந்த செருப்பை வாங்கிக்கொண்டு சுவர் ஓரமாகவே நடந்தாள். சித்திரை வெயிலில் தார் ரோடு தோசைக்கல் மாதிரி இருந்தது. வெறும் இடது காலை வைக்கவும் எடுக்கவுமாகப் போய், இருபத்திரண்டு செருப்புகளைத் தாண்டிக் கடைசியில் தன் செருப்பை வைத்தாள்.

எஸ்.ஐ. ரோட்டைக் கடந்து வந்தார். முதலில் வரிசையைப் பார்த்தார், அப்புறம் அவள் காலைப் பார்த்தார்.

"என்னம்மா, ஒத்தச் செருப்போட நிக்கற?"

"லைன்ல கீறேன் சார்."

"உன் வண்டில ஆள் ஏறிச்சே. பாத்தேனே."

"எறக்கிட்டேன் சார். என் டர்னு போய்டுச்சி."

எஸ்.ஐ. திரும்பி வீரராகவனைப் பார்த்தார். "இது நெசமா பெரியவரே?"

"சார், அப்பனே செருப்பக் கொண்டாந்து குடுத்தும் போவல சார் இந்தப் பொண்ணு" என்றார் வீரராகவன். அவர் பேச்சில் நக்கல் இல்லாமல் வந்த முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

எஸ்.ஐ. லாரிப் பக்கம் கையை ஆட்டினார். பேரிகார்டு லாரி கிளம்பிக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனது. போகும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "செவுரு ஓரமா ஒரு வெள்ளக் கோடு போடச் சொல்றேன். செருப்பெல்லாம் நேரா இருக்கட்டும்."

அப்பாவு ஹெலன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சரி ஆன காலை நீட்டிப் பார்த்துக்கொண்டார். மெதுவாகச் சொன்னார்:

"காலு ஆயிட்ச்சி. சாவியக் குடு. உங்கம்மா கோட்ட எட்த்து வெயில்ல போட்டு வெச்சிருக்கா."

"குடுக்கறேன் நைனா. வண்டிய நீ ஓட்டு. ஆனா நோட்டீசு, மீட்டிங்கு, போலீசு, அதெல்லாம் நான் பாக்கறேன். கோட்டு இன்னும் கொஞ்ச நாளு வெயில் காயட்டும்."

"உங்கம்மா என்னப் போட்டு வறுத்துடுவா."

"நான் வந்து பேசறேன்."

அப்பாவு வரிசையைப் பார்த்தார். இருபத்துமூன்று இடது கால் செருப்புகள். வரிசையின் தலையில் யாரோ செருப்பைத் தள்ளி வைத்தார்கள். அது ஒவ்வொன்றாக நகர்ந்து கடைசிவரை வந்தது. அப்பாவு கீழே இறங்கி, குனிந்து, மகளின் செருப்பை ஓர் அடி முன்னால் தள்ளி வைத்தார்.

"நைனா, ஓட்டப் போறது நீ. உன் எடது காலு" என்றாள் ஹெலன்.

"தெரியுதும்மா" என்றார். மகளின் செருப்பை எடுத்து அவள் காலடியில் போட்டார். சுடுகிற ரோட்டில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, தன் இடது செருப்பைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தார்.

அவர்கள் டர்ன் வந்தபோது மூன்றே முக்கால். ஷிப்டுக் கூட்டம் எப்போதோ போய்விட்டிருந்தது. இரண்டே பயணிகளும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும்தான் ஏறினார்கள். அப்பாவு ஓட்டினார். ஹெலன் இறங்கிச் சுவர் ஓரம் நின்றுகொண்டு, கோணலாக இருந்த செருப்புகளைக் காலால் நேராக்கிக்கொண்டிருந்தாள்.