திண்டிவனத்து மல்லாட்டை வண்டிக்கு விலை சொல்லப் போன நாள்

"சார், இத்த எட போட்டு விக்கிறதா, கார்னு சொல்லி விக்கிறதா?"

எண்பதுகளின் நடுவில், விழுப்புரத்தில் நான் அறிவியல் ஆசிரியராக இருந்தபோது ஏழுமலை கேட்ட கேள்வி இது. விடுதியில் தங்கிப் படித்த என் மாணவனின் தந்தை. திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருந்தார். கிணறு வற்றிவிட்டது. போர் போடாவிட்டால் கரும்பு காயும். அதற்குப் பணம் வர வேண்டிய ஒரே வழி, அவருடைய அப்பா ஏலத்தில் எடுத்த பழைய கார். என் அப்பா ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர், கல்லூரிக்குப் போகும்வரை நான் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன். அந்த நம்பிக்கையில்தான் என்னிடம் வந்தார்.

சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு விழுப்புரத்தில் பஸ். திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, டிக்கெட் மூன்று ரூபாய் இருபது காசு. விக்கிரவாண்டியில் டிரைவர் டீ குடிக்க இறங்கியதால் எட்டரைக்குத்தான் சேர்ந்தோம். அந்தத் தாமதத்தை அன்று யாரும் தாமதமாக நினைக்கவில்லை. அங்கிருந்து வல்லம் போகும் சாலையில் ஆறு கிலோமீட்டர், பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த ஏழுமலையின் சைக்கிள் கேரியரில்.

வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. முன்பாதி இங்கிலாந்துச் சீமான், பின்பாதி நம்மூர் மாட்டுவண்டி! முன்சீட்டுக்குப் பின்னால் உடம்பை அறுத்துவிட்டு, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றப் பலகை அடித்திருந்தார்கள். சக்கரம் ஜீப்புடையது. பானெட்டுக்குள் டீசல் இஞ்சின். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, விலை கேட்டு யாராவது கிளம்பிவிடுவீர்கள்.

வண்டிச் சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஒரு பூச்சு. மண்ணெண்ணெய்த் துணியால் அரை மணி நேரம் துடைத்தேன். எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனது. இஞ்சின் எண் ஒத்துப்போகவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அடையாளமாக இரண்டு மச்சம் எழுதியிருக்க, பையனிடம் ஒன்றுதான் இருந்தால் எப்படி? அந்த நிலைமை.

"பழைய இஞ்சின் எங்கே?"

"அது எங்கப்பா காலத்துலயே கெட்டுப்போயி கழட்டிட்டாருங்க சார்."

"அப்படியானால் பத்தாயிரத்துக்கு மேல் போகாது" என்றேன். ஏழுமலையின் மனைவி அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டார். போர் போட அதுபோல் இரண்டு மடங்கு வேண்டும்.

வண்டியைக் கேட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த தரகர், அதுவரை நாலாயிரத்தைத் தாண்டாமல் நின்றவர், உடனே எழுந்தார். "வாத்தியார் சொல்லுக்கு மறுசொல் ஏதுங்க? பத்தே குடுத்துடறேன். அந்தக் கெணத்து இஞ்சினையும் சேத்துத் தூக்கிக்கினு போறேன், ஜல்தியா முடிங்க."

"அந்தப் பழைய இரும்பு ஒனக்கு எதுக்குய்யா?" என்றார் அஞ்சலை. "ஒம் பொண்டாட்டிக்கு ஒட்டியாணம் அடிக்கவா?"

எனக்குச் சுருக்கென்றது. கிணற்றுக் கொட்டகைக்குப் போனோம். கரண்ட் வருவதற்கு முன் தண்ணீர் இறைத்த இஞ்சின், கோணி போர்த்திக் கிடந்தது. கிணற்று இஞ்சினுக்கு ஒரு சிலிண்டரே போதும், இதற்கு ஆறு. இதன்மேலும் சந்தனம். துடைத்தேன். ஆர்.சி.யில் இருந்த அதே எண், ஓர் இலக்கம் பிசகாமல்.

ஏழுமலை நம்பவில்லை. "இது கெணத்து இஞ்சினுங்க சார். நான் பொறந்ததுலேருந்து கெணத்து மேலதான் கீது."

அவர் அப்பா கழற்றியது கெட்டுப்போய் அல்ல, தண்ணீர் இறைக்க. மகனுக்கு அது தெரியவில்லை. தரகருக்குத் தெரிந்திருந்தது. "பேஜாரு புடிச்ச வாத்தியாரு" என்று முணுமுணுத்தபடி அவர் மொபெட்டை மிதித்தார்.

காரையும் அதன் அசல் இஞ்சினையும் சேர்த்து நாற்பதாயிரத்துக்குக் குறையாமல் கேட்கச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துப் பழங்கார் பிரியர் ஒருவர் சென்னையிலிருந்து வந்து நாற்பத்திரண்டுக்கு எடுத்துக்கொண்டார். போர் போட்டதில் நூற்று எண்பது அடியில் தண்ணீர் வந்தது.

இன்று அதே தூரத்தைக் காரில் நாற்பது நிமிடத்தில் கடக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பத்தாயிரம் நினைவுக்கு வருகிறது. தரகர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், ஏழுமலையை ஏமாற்றியவன் நானாகியிருப்பேன்.

இப்படிப்பட்ட வண்டி பார்க்கக் காலை வெளிச்சத்தில் போங்கள். எண் மேல் அப்பியிருப்பதைக் கத்தியால் சுரண்டாதீர்கள், எண்ணும் சேர்ந்து அழிந்துவிடும். விலையை வாயால் சொல்லும் முன், ஆர்.சி. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டின் கொட்டகை, கிணற்றடி எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றி வாருங்கள்.