திம்மராயன் கல்லுக்குப் போகும் வழி

முதல் பொதுத் தேர்தல் முடிந்த மறுவருடம், மாசி மாதம். புளி வரத்து தொடங்கும் நேரம். கிருஷ்ணகிரியில் புளி மண்டி வைத்திருப்பவன் கடையை விட்டு ஒரு நாள்கூட நகரக் கூடாது. ஆனாலும் நகர்ந்தேன். என் தங்கை மாதம்மா தன் வீட்டுக்காரருக்கு ஒரு கல் நடப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அண்ணன் வந்து நின்றால்தான் நடுவேன் என்றும் சொல்லியிருந்தாள்.

இந்தப் பக்கம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் வட்டாரத்தில் வயல் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் வீரர்களுக்கு நட்ட பழைய கற்கள் நிற்கும். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன் என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் ஆள் இருந்திருப்பான். இன்று அந்தப் பெயர்கள் யாருக்கும் தெரியாது. எல்லாக் கல்லும் வேடியப்பன் சாமி. பொங்கல் வைப்பார்கள், கும்பிடுவார்கள், அவ்வளவுதான்.

என் மாப்பிள்ளை திம்மராயன் மாட்டுக்காகச் சாகவில்லை. பெங்களூரில் ஒரு மில்லில் நூற்பு வேலை செய்தவர், தொழிற்சங்கத்து ஆள். வேலை நிறுத்தத்தின்போது மில் வாசலில் நடந்த தள்ளுமுள்ளில் தலையில் அடி விழுந்தது. ஊருக்கு வந்து சில மாதம் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். சங்கத்து ஆட்கள் என்றாலே போலீஸ் வீடு வீடாகத் தேடிய காலம் அது. அந்தச் சூடு இன்னும் முழுக்க ஆறவில்லை. என் கடை உரிமத்துக்கு வருடா வருடம் சர்க்கார் கையெழுத்து வேண்டும். பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி பதினாறு மைல். பஸ் கட்டணம் பன்னிரண்டு அணா. காலை ஏழு மணி வண்டியைப் பிடியுங்கள். அடுத்தது எப்போது வரும் என்று கண்டக்டருக்கே தெரியாது. வழியெல்லாம் மாந்தோப்பு, பூ பிடித்து நல்ல வாசனை. நான் எதையும் ரசிக்கவில்லை. முன் சீட்டில் காக்கிச் சட்டை ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் தபால்காரர் என்று இறங்கும்போதுதான் தெரிந்தது. அதுவரை என் முதுகு வேர்த்துக்கொண்டே இருந்தது.

சூளகிரி மலையடியில் கல் ஆசாரியின் பட்டறை. மாதம்மா எனக்கு முன்பே வந்து கல்லுக்கு எதிரே நின்றிருந்தாள். முகம் சரியில்லை. கல் இடுப்பளவு உயரம், வேலைப்பாடு சுத்தம். மீசை வைத்த ஆள், காலை அகட்டி நிற்கிறான், வலது கை மேலே தூக்கியிருக்கிறது. அந்தக் கையில் ஒரு நீளக் கத்தி.

"கையில சங்கத்துக் கொடி போடச் சொன்னேனே ஆசாரி," என்றாள்.

"கொடிய நான் கோயிலுக்குப் போடுவேம்மா. ஆளு கையத் தூக்கினா அதுல கத்திதான். எங்கப்பன் காலத்துல இருந்து அப்படித்தான்."

"எம் வீட்டுக்காரரு வெங்காயம் நறுக்கக்கூடக் கத்தி எடுத்ததில்ல."

"இப்ப எடுத்துட்டாரு, என்னா பண்றது?" என்றார் ஆசாரி. கத்தியைச் செதுக்கி எடுக்கப் போனால் கல்லில் கையே போய்விடும் என்பது அவர் வாதம்.

கொடியாவது பரவாயில்லை, சங்கத்துக்காரன் கல்லில் ஆயுதமா! யாராவது மேலே எழுதிப் போட்டால் அண்ணனும் தங்கையும் எந்த வாயால் பதில் சொல்வோம்? இன்னொரு கல் அடிக்கச் சொல்லலாம், அதற்கு ஒரு மாதம் ஆகும் என்றேன். மாதம்மா கேட்கவில்லை. கல்லை நீராட்டிப் பூவும் வாங்கியாயிற்று, இன்றைக்கே நடவேண்டும் என்றாள்.

அங்கிருந்து தங்கை ஊர் ஐந்து மைல். மாட்டு வண்டிக்கு இரண்டு ரூபாய், கல் ஏற்ற ஆள் கூலி தனி. முதலிலேயே பேசிவிடுங்கள், ஏற்றிய பிறகு பேசினால் விலை வேறு. வண்டிக்காரர் வெங்கடப்பா தெலுங்கில் மாட்டைத் திட்டுவார், கன்னடத்தில் எதிர்வண்டிக்காரரை விசாரிப்பார், நம்மிடம் தமிழ். கல்லின் மேல் வைக்கோலைப் பரப்பச் சொன்னேன்.

"என்னாங்க செட்டியாரே, மாப்பிள்ளைக்குக் குளிருதா?" என்றார். நான் செட்டியார் இல்லை. மண்டி வைத்தவன் எல்லாம் அவருக்குச் செட்டியார்தான்.

போகும் வழியில் மாதம்மா தன் மாமனார் கதையைச் சொன்னாள். இத்தனை வருடச் சம்பந்தத்தில் நான் கேட்டறியாத கதை. அவர் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். கூலி ராகியைச் சின்னப் படியில் அளந்தார்களாம். ஒரு நாள் ஊர்ப்படியை வாங்கி வந்து களத்து நடுவில் வைத்து, "இதுல அளங்க" என்று நின்றாராம். பண்ணைக்காரர்கள் அளக்கவில்லை. அன்றே குடும்பத்தோடு பண்ணையை விட்டு வெளியேறி, ரோட்டு வேலைக்குக் கல் உடைத்திருக்கிறார். அந்தக் கல் குவியலில் பிறந்தவர்தான் திம்மராயன்.

"கேக்கறது அந்த வீட்டுல பரம்பரை நோவுண்ணா," என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். வண்டி ஆடியதில் சரியாகத் தெரியவில்லை.

அவள் நிலம் சானமாவுக் காட்டுக்கு முன்னால் இருக்கிறது. அரை ஏக்கர் மானாவாரி. ஓரத்தில் பழைய கற்கள் மூன்று. அவற்றின் பக்கத்தில் குழி வெட்டிக் கல்லை இறக்கினோம். பால் ஊற்றித் தேங்காய் உடைக்கும் நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. போலீஸ் ஏட்டு. யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறார்.

"என்னாய்யா கூட்டம்? என்னா கல்லு இது?"

என் நாக்கு எனக்கு முன்பே ஓடிவிட்டது. "வேடியப்பனுங்க ஏட்டையா. புதுசா வெக்கிறோம்."

ஏட்டு கிட்டே வந்தார். கத்தியைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, செருப்பை ஒதுக்கிவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார். ஆசாரியின் தப்பு எங்களைக் காப்பாற்றிவிட்டது! அந்தக் கையில் கொடி இருந்திருந்தால் நிலைமை வேறு. பூசைத் தட்டை நீட்டச் சொல்லி மாதம்மாவுக்குக் கண் காட்டினேன்.

அவள் நீட்டவில்லை.

"இது வேடியப்பன் இல்லீங்க. எம் வீட்டுக்காரரு. பேரு திம்மராயன். பெங்களூரு மில்லுல சங்கத்துல இருந்தாரு. கூலி கேட்டு நின்ன எடத்துல அடிபட்டுச் செத்தாரு."

ஏட்டு கூப்பிய கையைக் கீழே விடவில்லை. எப்போது விடுவது என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. எங்கோ ஒரு ஆடு கத்தியது.

"சங்கத்து ஆளு கையில கத்தி எதுக்கும்மா?"

வெங்கடப்பா குறுக்கே விழுந்தார். "ஆசாரிக்குக் கொடி செதுக்க வராதுங்க சாமி. கத்திதான் வரும்."

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க வேடியப்பன்னு சொன்னீங்க. எந்த ஊரு, என்னா தொழிலு?" சொன்னேன். தொப்பியை மாட்டினார். "ஸ்டேஷன்ல சொல்லாம இருக்க முடியாது. சொல்லுவேன்." செருப்பில் காலை நுழைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அப்புறம் நான் கத்தினேன். "வாய மூடிட்டு இருந்தா அந்தாளு கும்பிட்டுட்டுப் போயிருப்பான்ல?"

"போயிருப்பாருண்ணா. அடுத்த வருசம் குடும்பத்தோட வந்து பொங்க வெப்பாரு. ஊரும் வெக்கும்." பக்கத்தில் இருந்த மூன்று கற்களையும் காட்டினாள். "இதுங்களுக்கும் பொண்டாட்டி இருந்திருப்பா. அவளும் இப்படித்தான் வாய மூடியிருப்பா."

வியாபாரக் கணக்கில்தான் எனக்கு எதுவும் புரியும். சாக்கில் குறி போடாமல் மண்டிக்கு வந்த சரக்கு யாருடையதும் இல்லை, யார் வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். அவள் குறி போட்டுவிட்டாள். அதற்கான விலையை நானும் சேர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

இதை எழுதும்போது பங்குனி பாதி. ஸ்டேஷனிலிருந்து யாரும் வரவில்லை. என் உரிமம் கையெழுத்துக்குப் போயிருக்கிறது, இன்னும் திரும்பவில்லை. வழக்கமான தாமதமாக இருக்கலாம். கடை வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தராசைப் பார்ப்பதை விட்டுத் தெருவைப் பார்க்கிறேன். அதற்காகத் தங்கைக்கு மறுபடி புத்தி சொல்லப் போகவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சூளகிரி தாண்டினால் சாப்பாட்டுக் கடை கிடையாது, களியோ சோறோ கட்டிக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். பொழுது சாய்வதற்குள் திரும்புங்கள், சானமாவுப் பக்கம் யானை இறங்கும். சூளகிரியில் வெங்கடப்பா வண்டி என்று கேட்டால் போதும்.

ஊர் எல்லையில் வேடியப்பன் கல் எங்கே என்று விசாரிக்காதீர்கள். திசைக்கு ஒன்றாகக் காட்டுவார்கள், சிரித்த முகத்தோடு காட்டுவார்கள். மில்லுக்கார திம்மராயன் கல் எங்கே என்று கேளுங்கள். நீங்கள் கேட்ட ஆள் உங்களை மேலும் கீழும் பார்ப்பார், பதில் சொல்லத் தயங்குவார். சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறீர்கள். பெயரை இன்னொரு முறை, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.