முடிவு உங்களோடதாம்

லிரோக்கை இரண்டு முறை ஊரைவிட்டுக் கிளப்பியிருக்கிறார்கள். சோதனைக்காக வெடித்த அணுகுண்டின் சாம்பல் அவர்கள் தீவெங்கும் விழுந்தபோது அவள் சின்னப் பெண். குண்டு போட்டவர்களே கப்பலில் அள்ளிக்கொண்டு போனார்கள். சில வருடம் கழித்து, இனி பயமில்லை என்றார்கள். திரும்பிப் போய்க் கல்யாணம் முடித்து, பிள்ளைகளும் பெற்றாள். பிறகு வந்து, தேங்காயிலும் நண்டிலும் கதிர்வீச்சு இருக்கிறது, கிளம்புங்கள் என்றார்கள். அதிலிருந்து எபாய் என்ற வேறொரு தீவில், கை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவர் இடிக்கும் ஒரு தகர வீட்டில் இருக்கிறாள்.

இப்போது, ஊருக்குத் திரும்பலாம் என்று சொல்ல மறுபடியும் வந்திருந்தார்கள். தேவாலயக் கூடத்தில் ஊர்ச்சபை கூடியது. லிரோக்கும் சபையில் ஒருத்தி. வந்திருந்த விஞ்ஞானி பொறுமையாகத்தான் சொன்னார். வீடுகளைச் சுற்றி மண்ணைச் சுரண்டிவிட்டுப் புதுக்கல் கொட்டியாயிற்று. தெற்குத் தீவில் குடியிருக்கலாம், வடக்கே உள்ள குட்டித் தீவுகளுக்குப் போகக் கூடாது. கப்பலில் வரும் அரிசியைச் சாப்பிட வேண்டும். ஊர்ச் சாப்பாடு கொஞ்சமாக இருந்தால் ஆபத்தில்லை.

"அப்போ ஊரு நல்லாருக்கு, ஊர்ல வெளையறதுதான் சரியில்ல. அப்படித்தானே?" என்றாள் லிரோக்.

"அளவா சாப்பிட்டா பரவாயில்லம்மா."

"நண்டைப் புடிச்சா, நீ வடக்கா தெக்கான்னு அதுகிட்டயே கேக்கணுமா?"

கூடம் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாங்க அளந்து சொல்லத்தான் முடியும். முடிவு உங்களோடது" என்றார் அவர்.

"போகச் சொன்னப்போ கேக்கல, வரச் சொன்னப்போ கேக்கல. உங்களுக்கே புரியலன்னதும் எங்க ஞாபகம் வந்துடுச்சாக்கும்."

போகலாமா வேண்டாமா என்பதில் சபை பாதிக்குப் பாதி நின்றது. மிச்சம் இருந்தது அவள் ஓட்டுதான். "கெழடுங்க போகட்டும். புள்ளைங்க வேணாம்" என்றாள். அப்படியே முடிவாயிற்று. குடும்பங்களைப் பிரித்துவிட்டாள் என்று பாதி ஊர் அவளோடு பேசவில்லை.

அவள் தம்பி அஞ்ஜோ முதல் கப்பலிலேயே போனான். அடுத்த வருடம் சோதனைக்கு எபாய்க்கு வந்தபோது அவன் உடம்பில் கதிர்வீச்சு அளவு ஏறியிருந்தது.

"நண்டு தின்னியாடா?"

"ரெண்டு மூணு இருக்கும்க்கா. ருசின்னா அப்படி ஒரு ருசி."

வாயில் வந்தபடி திட்டினாள். பிறகு விஞ்ஞானியிடம் திரும்பி, "இவனுக்கு ஆபத்தா?" என்றாள்.

"இப்போதைக்கு இல்ல."

"இப்போதைக்குன்னா எதுவரைக்கும்?"

அவர் சோதனைக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அஞ்ஜோ திரும்பிப் போகும் கப்பலில் இடம்பிடிக்கக் கிளம்பிவிட்டான்.

"அடுத்த கப்பல்ல நீயும் போறியா லிரோக்?" என்று கேட்டார் சபைத் தலைவர்.

"தெரியல. கொஞ்ச நாளைக்கு என்னை யாரும் ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.