கண் மேலே நின்ற காலம்

என் வீட்டுக்காரருக்குக் கண் மேலே போய் நின்றுகொள்ளும் நோய் முதலில் வந்தது மாதா கோயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தது. ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் எல்லாத் தலையும் குனிந்தது. அவர் தலை மட்டும் குனியவில்லை. இரண்டு கண்ணும் கூரையில் ஒட்டிக்கொண்டு நின்றன. பூசை முடிந்து, ஜனங்கள் கலைந்து, கோயில்பிள்ளை மெழுகுவர்த்திகளை அணைத்த பிறகும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் பதில் வந்தது. எழுந்திருங்கள் என்றால் எழுந்தார். கண் மட்டும் இறங்கவில்லை.

அவர் ராயபுரம் ரயில் யார்டில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தண்டவாளத்தைத் தள்ளிக் கொடுக்கும் வேலை. அதற்குச் சில வருஷம் முன்னால் ஒரு காய்ச்சல் வந்து படுத்தவர், சோறு ஊட்டும்போதுகூடத் தூங்கினார். வாயில் கவளத்தோடு தூங்கினார். பிறகு ஒருநாள் எழுந்து, ஒன்றும் நடக்காதது போல் வேலைக்குப் போனார். ஆனால் அதன் பின் நடை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. குரல் தேய்ந்தது. முகத்தில் சிரிப்பு வருவது நின்றது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டோம். அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

அன்றைக்குக் கோயிலில் சாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னாப்பா பாக்குற?" என்று கேட்டார். சாமியார் எங்கள் பக்கத்துக்காரர் இல்லை, ஆனாலும் எங்களோடு பேசிப் பேசி எங்கள் பேச்சே அவருக்கு வந்துவிட்டது.

"ஓடு நழுவிக் கீது சாமி," என்றார் இவர், காற்று மாதிரிக் குரலில்.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தார்கள். உண்மைதான். உத்தரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வரிசை நழுவி, பெண்கள் பக்கம் விழுவதற்குத் தயாராக நின்றது. மேலே பார்த்தால் எவனுக்கும் தெரிந்திருக்கும் என்று சாமியார் சொன்னார். பூசை நேரத்தில் மேலே பார்க்கிறவன் யார் என்று தெரு திருப்பிக் கேட்டது. சாயங்காலத்துக்குள் எங்கள் லைன் வீட்டு வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார்கள்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கடையில்கூட வேண்டியதை விரலால் காட்டித்தான் வாங்குவேன். படித்தது கன்னியர் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு. ஆனாலும் இது தரிசனம் இல்லை, நோய் என்று எனக்குத் தெரிந்தது. தரிசனம் காண்கிறவருக்கு இப்படிக் கழுத்து வலிக்காது. என் கையைப் பிடித்துக்கொண்டு இப்படி நடுங்க மாட்டார். அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கண் ஆஸ்பத்திரியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் குறையில்லை என்றார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒருவர், உன் பேர் என்ன, இப்போது ஆளுகிற ராஜா யார், ரயில் எதில் ஓடுகிறது என்றெல்லாம் கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார், மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே. புத்தியில் குறையில்லை, கண்ணைக் காட்டுங்கள் என்றார்கள். கண்ணிலும் குறையில்லாத, புத்தியிலும் குறையில்லாத மனிதரை டிராமில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கண்டக்டர் இவருடைய பார்வையைப் பார்த்து, தானும் ஒருமுறை டிராமின் கூரையைப் பார்த்துக்கொண்டான்.

இதற்குள் செய்தி மீனவர் குப்பத்துக்குப் போய்விட்டது.

குப்பத்துத் தலைவர் வந்தார், வயசு இல்லாவிட்டாலும் பெரியவர் என்றுதான் பேர். பெரிய தொப்பை, நெற்றியில் பழைய தழும்பு, கழுத்தில் செபமாலை. அன்று இவர் கண் மேலே போனதோடு நில்லாமல் ஓரமாகவும் போயிருந்தது. பெரியவர் அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு அது பார்த்த திசையைப் பார்த்தார்.

"வடக்க," என்றார் மெதுவாக. "எண்ணூர் பக்கம்."

மறுநாள் ஒரு கட்டுமரத்தை வடக்கே விட்டார்கள். கானாங்கெளுத்தி மீன் அப்படியொரு பாடு, வலை கொள்ளாமல் வந்ததாம். அவ்வளவுதான். அதன் பின் விடியற்காலை தோறும் நான்கு பேர் வந்து, ஒரு நாற்காலியில் இவரை உட்கார வைத்து, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். கடலைப் பார்க்க வைப்பார்கள். கண் இடப்பக்கம் ஏறினால் கட்டுமரங்கள் வடக்கே போகும். வலப்பக்கம் ஏறினால் துறைமுகத்துப் பக்கம். நேர் மேலே ஏறினால் அன்று யாரும் போகக்கூடாது, புயல். ஒருநாள் எவனோ நாற்காலியைக் கரையைப் பார்க்கப் போட்டுவிட்டான். திசையைத் திருப்பி எடுப்பதா, சாமியாகிவிட்ட இவருக்கு எந்தப் பக்கம் போட்டாலும் திசை ஒன்றேதானா என்று சண்டை வந்து இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது.

மீன் தப்பிய நாட்களும் உண்டு. ஆனால் அந்த நாட்களில் குற்றம் வலையின் மேலோ, முதல்நாள் எவனோ சொன்ன பொய்யின் மேலோ விழுந்தது. இவர் மேல் விழவே இல்லை.

எங்கள் வீட்டுக்கு மீன் வந்துகொண்டே இருந்தது. குழம்பு வைத்தேன், வறுத்தேன், உப்புப் போட்டுக் காய வைத்தேன். பூனைகளுக்கே அலுத்துவிட்டது. என் மாமியாருக்கு மட்டும் சந்தோஷம். "எம் புள்ள சொம்மா குந்திகினே வூட்ட ரொப்புறான் பாரு," என்பார் அண்டை வீட்டாரிடம்.

கண் தினமும் ஏறாது. அலுப்பும் பயமும் சேர்ந்தால்தான் ஏறும்; ஏறினால் தூங்கி எழும்வரை இறங்காது. இதைக் குப்பத்தார் எங்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். கண் ஏறாத நாட்களில் நாற்காலிக்குப் பின்னால் வேட்டுப் போட ஆரம்பித்தார்கள். கூடவே தாம்பாளத்தைத் தட்டினார்கள். இவர் உடம்பு தூக்கிவாரிப் போடும். கண் மெல்ல மெல்ல மேலே போகும். ஜனங்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். மரங்கள் அலையில் இறங்கும். அவை திரும்பும்வரை இவர் அங்கேயே வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்படி நின்ற ஒருநாள் அவர் ஏதோ சொன்னார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"என்ன எறக்கி வுடு."

நாற்காலியிலிருந்து என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். அவர் கையை அசைக்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டே மறுபடி சொன்னார். "என்ன எறக்கி வுடு."

நேராகச் சாமியாரிடம் போனேன். வாய் வரவில்லை, அழுதேன். அவருக்குப் புரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் இருக்கிறார், அவர் மூளையையும் பார்ப்பார், மனுஷன் நடந்துகொள்ளும் விதத்தையும் பார்ப்பார், இரண்டையும் தனித்தனி ஆஸ்பத்திரியாகப் பிரிக்க மாட்டார் என்றார்.

புதன்கிழமை ஜட்கா பிடித்தேன். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் பெரியவர் குறுக்கே வந்து நின்றார்.

"சாமிய எங்க இஸ்துகினு போற தங்கச்சி?"

நான் முந்தானையைப் பார்த்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்கு," என்றேன்.

"நாங்களும் வர்றோம்."

வந்தார்கள். ஜட்காவுக்கு முன்னால் சிலர், பின்னால் பலர். வழியில் பார்த்தவர்கள் சப்பரம் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரையும் நிறுத்திவிட்டார்கள். பெரியவர் மட்டும், தான் நோயாளியின் தாய்மாமன் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டார். இவரைவிட அவருக்கு மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும்.

டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். அது பல்சக்கரம் மாதிரித் தடுக்கித் தடுக்கி நீண்டது.

"முன்பு எப்போதாவது காய்ச்சல் வந்து விடாமல் தூங்கினாரா, அம்மா?"

தலையாட்டினேன்.

"அந்தக் காய்ச்சல்தான். போகும்போது மூளையில் ஓரிடத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. இது பைத்தியமும் இல்லை, பக்தியும் இல்லை."

"அப்ப மீனு?" என்றார் பெரியவர்.

"எந்த மீன்?"

பெரியவர் சொன்னார். வடக்கு, தெற்கு, புயல், வேட்டு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மீன் கிடைத்ததா?"

"பாதிக்கு மேல கெடச்சிது தொர."

டாக்டர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, வேட்டுப் போட்டால் பெரியவரைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ஒரு மருந்து இருக்கிறது, ஊமத்தை ஜாதிச் செடியிலிருந்து எடுப்பது, நோய் முழுக்கப் போகாது, ஆனால் கண் இறங்கும், விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்.

பெரியவர் எழுந்தே விட்டார். "ஊமத்தையா? அத்த துன்னா நல்லா கீறவனுக்கே பைத்தியம் புடிக்குமே தொர!"

"இவருக்குத்தான் பைத்தியம் இல்லையே. அதனால் கொடுக்கலாம்."

பெரியவர் இதை யோசித்துப் பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஏலத்தில் பேசுவது போல் பேசினார். "தொர, எறக்குங்க. வேணான்னு சொல்லல. ஆனா மொத்தமா எறக்காதீங்க. வியாழக்கெழம மட்டும் மேல இருக்கட்டும். வெள்ளிக்கெழம எங்காளுங்க கறி துன்ன மாட்டாங்கோ, மீனுக்குத்தான் கிராக்கி. ஒரே ஒரு நாளு. மத்த ஆறு நாளும் நீங்களே வெச்சிக்கோங்க."

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கள் அம்மா. நீங்கள்தானே மனைவி."

அந்த அறையில் மேசை, சுத்தியல், ஜன்னலில் இரண்டு நர்ஸுகள், எல்லாமே என்னைப் பார்ப்பது போல இருந்தது. இவர் மட்டும் பார்க்கவில்லை. இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறக்கிடுங்க," என்றேன்.

"யோசிச்சு சொல்லு தங்கச்சி," என்றார் பெரியவர். "நல்ல வஞ்சிரமா அனுப்புறேன்."

"எறக்கிடுங்க. வியாழக்கெழமயும்."

என் குரல் வெளியே வராந்தா வரைக்கும் கேட்டதாக நர்ஸு பிறகு சொன்னாள்.

ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். கட்டிலுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் பெரியவர். அவரைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வெயில் ஏறியது. இவருடைய வாய் உலர்ந்தது. துணியை நனைத்துத் துடைத்தேன். கைவிரல் தளர்ந்தது. பிறகு கண் இறங்க ஆரம்பித்தது. தயங்கித் தயங்கி, பழக்கமில்லாத படிக்கட்டில் இறங்குகிற மாதிரி, சுவர், ஜன்னல், கட்டிலின் கம்பி என்று இறங்கியது. பெரியவர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கண் என்னிடம் வந்து நின்றது. மருந்தினால் பார்வை கலங்கலாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நீயா? இன்னா இப்டி எளச்சிக் கீற?"

நான் பதில் சொல்வதற்குள் ஆஸ்பத்திரிக் கஞ்சி வந்துவிட்டது. கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து பார்த்தார். அவர் குனிந்து எதையும் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"கஞ்சில ஈ கீது," என்றார். குரல் உரக்கவே வந்தது. கோபமாகவும் வந்தது. "கலீஜு புடிச்ச ஈ. இத்த யாரு துன்னுவா?"

கையால் விரட்டினார். ஈ எழுந்து, கட்டிலை ஒருமுறை சுற்றி, வெளியே போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. பெரியவர் மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"தங்கச்சி, அந்த ஈ எந்தப் பக்கமா போச்சு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். குப்பம் முழுவதும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே வெயிலில் காத்துக்கொண்டிருந்தது.

"வடக்க," என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வெளியே போனார். வாசலில் ஒரு சத்தம் கிளம்பி, தெருவோடு போய்த் தேய்ந்தது. வார்டு அமைதியானது. இவர் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"வேற கஞ்சி கேட்டு வாங்கினு வா. நாலு உப்பு போடச் சொல்லு."

வாங்கிக்கொண்டு வரப் போனேன். நர்ஸிடம் வாயைத் திறந்து கேட்டேன்.